குளத்தங்கரையில் கேட்ட இறுதிப் போட்டி

சூளகிரி அருகே லாரிகளுக்கு நடுவே கல்லூரிப் பேருந்து நகராமல் நின்றபோது கீதாவின் அழைப்பு வந்தது. நம் கோ-கோ அணியின் பழைய கேப்டன். இப்போது ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். "மேடம், ஷிஃப்ட் முடிச்சு இப்பத்தான் போனை எடுத்தேன். நம்ம பி.டி. மேடம் போயிட்டாங்களாம்" என்றாள். "இறந்துட்டாங்களா?" என்று நான் பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். பிறகு அவளே கேட்டாள்: "அந்த ஃபைனல் ஞாபகம் இருக்கா மேடம்?" இருக்காதா பின்னே? கல்லூரி வாசல் வரும்வரை அதையே பேசினோம். சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு இப்படிச் சிரிக்கிறாளே என்று பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

நம் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை பிலோமினா அக்காவை உங்களில் பலருக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் குளத்தங்கரையில் ராஜநடை போடுகின்றனவே வாத்துகள், அவற்றைப் பேரிகைச் சந்தையில் வாங்கி, கூடையோடு மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தவர் அவர்தான். விற்றவர் தெலுங்குக்காரர். ஆகவே இவற்றுக்குத் தெலுங்குதான் புரியும் என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். "ரண்டி, ரண்டி" என்று, அதாவது 'வாங்க, வாங்க' என்று, மரியாதையாகத்தான் கூப்பிடுவார். மாணவிகளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. "ஏய் எருமை, ஓடு" என்பதுதான் அவர்களுக்கு.

மாலைப் பயிற்சி முடிந்ததும் விசில் ஊதுவார். அதே கையோடு விடுதியில் மிஞ்சிய சோற்றைக் குளத்தங்கரையில் போடுவார். வாத்துகள் கணக்குப் போட்டுக்கொண்டன: விசில் என்றால் சோறு. கணித ஆசிரியையாகச் சொல்கிறேன், என் வகுப்பில் பலருக்கு அவ்வளவு வேகமாகக் கணக்கு வராது.

வினை அதில்தான் வந்தது. கல்லூரிகளுக்கு இடையேயான கோ-கோ போட்டி நம் மைதானத்தில் நடந்தது. அரையிறுதியில் நடுவர் விசில் ஊத, வாத்துகள் கூட்டமாக ஆடுகளத்துக்குள் நுழைந்துவிட்டன. "இன்னொரு தடவை உள்ள வந்தா எதிரணி ஜெயிச்சதா எழுதிருவேன்" என்றார் நடுவர். தாளாளர் அதற்கும் மேலே போனார். "ஃபைனல்ல ஒரு வாத்துத் தலை தெரிஞ்சாலும் சரி, மொத்தத்தையும் காவேரிப்பட்டினத்துக்கு ஏத்திருவேன். அங்க ஒரு பிரியாணிக் கடைக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

பழைய சைக்கிள் ஷெட்டில் அடைத்துப் பார்த்தோம். விசில் கேட்டதும் தகரக் கதவின் அடியில் நுழைந்து வரிசையாக வெளியே வந்தன. மாணவிகளை மறித்து நிற்கச் சொன்னோம். ஒரு வாத்துகூட அவர்களை மதிக்கவில்லை. கடைசியில் அக்கா சொன்னார்: "நான் குளத்துல உக்காந்துக்கறேன். நீ போய்க் கை தட்டு."

எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை வருஷமா இந்த ஃபைனலுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தீங்க அக்கா?"

"கீதாவுக்குச் சொல்லித் தர என்கிட்ட இனிமே ஒண்ணுமில்லம்மா. இதுங்களுக்குத்தான் இன்னும் ஒண்ணுமே புரியல" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. கேன்டீனுக்குப் பின்னால் குளம்; அதற்கும் மைதானத்துக்கும் நடுவில் சுவர். நான் நிலைகொள்ளாமல் அங்கும் இங்கும் ஓடினேன். அக்கா பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தார். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு பிடி சோறு. "குட்டி விசில்னா அவுட்டு, விட்டுவிட்டு ஊதுனா ஃபவுலு. நீ என்னாத்துக்கு மூச்சு வாங்க ஓடியார? எனக்கு எல்லாம் கேக்குது" என்றார்.

கடைசிச் சுற்றில் நம் பெண்கள் துரத்தினார்கள். புள்ளிகள் சமம், இன்னும் ஒரே ஒரு அவுட் வேண்டும். அந்த நேரம் பார்த்தா சோறு தீர வேண்டும்? அக்கா தன் டிபன் டப்பாவைத் திறந்து புளிசாதத்தைக் கொட்டினார். அதுவும் போயிற்று. இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்தபடி "ரண்டி, ரண்டி" என்று கெஞ்சத் தொடங்கினார். ஒரு குட்டி விசில். உடனே ஆட்டம் முடிந்த நீண்ட விசில். சுவருக்கு அந்தப் பக்கம் மைதானமே அலறியது.

"முடிஞ்சுது, ஓடுங்கடி!" என்று அக்கா துள்ளிக் குதித்தார். வாத்துகள் சிட்டாய்ப் பறந்தன. தாளாளர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடினேன். நான் போவதற்குள் கீதா ஒரு வாத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். "ஆட்டம் முடிஞ்சுருச்சு சார், இனி யார் வந்தா என்ன?" என்று நடுவர் தாளாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் தாளாளர் கையிலும் ஒரு வாத்தைத் திணித்தார். அவர் சிரித்துவிட்டார். காவேரிப்பட்டினத்தைப் பற்றி அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

சென்ற மாதம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, நர்சுக்கு அந்த ஆட்டத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கீதா கம்பத்தை ஒரு கையால் பற்றிச் சுழன்று, உடம்பை நீட்டிப் பாய்ந்து, எதிராளியின் குதிகாலைத் தொட்ட அந்தக் கடைசி அவுட். ஊசி குத்திய கையை அப்படி வீசாதீர்கள் என்று நர்ஸ் பதறினாள். "நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களாம்மா?" என்றும் கேட்டாள்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "பாக்காம?" என்றார்.

கடைசி அவுட்டின்போது நானும் குளத்தங்கரையில்தான் நின்றிருந்தேன். கீதாவின் பாய்ச்சலை நான் முதன்முதலாகப் பார்த்ததே அன்று மருத்துவமனையில், அக்காவின் கையில்தான். அக்காவின் நினைவாக அந்தப் பாய்ச்சலை நான் வைத்துக்கொள்கிறேன்.