பதினோரு பேர் ரத்தமும் ஓர் ஊசியும்

என் மனைவிக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரத்தம் நிறையப் போகுமே என்ற பயத்தில், வேடசந்தூரில் நான் வேலை பார்க்கும் மில்லிலிருந்து பதினோரு பேரை வேனில் ஏற்றி, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்துவிட்டேன்.

மயக்க மருந்து டாக்டரம்மா அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இம்புட்டுப் பேர் எதுக்குண்ணே? ரத்தம் ரொம்பப் போகாம இருக்க ஒரு ஊசி போடுவோம். ரத்தம் ஏத்த வேண்டியதே வராமக்கூடப் போகலாம்" என்றவர், மருந்தின் பெயரையும் சொன்னார். நான் கேள்விப்பட்டதே இல்லாத பெயர்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "புது மருந்தை எம் பொண்டாட்டி மேலயா போட்டுப் பாக்குறீங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பதினோரு பேரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

கட்டிலில் அசைய முடியாமல் கிடந்த என் மனைவி வாயைத் திறந்தாள்.

"ஏங்க, கத்தாதீங்க. மாசாமாசம் ரத்தம் ரொம்பப் போகுதுன்னு அஞ்சு வருசமா நான் மாத்திரையாப் போடுற மருந்துதான் அது. மெடிக்கல்ல வாங்கிட்டு வாரதே நீங்கதான்!"

திரும்பிப் பார்த்தேன். பதினோரு பேரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு சொட்டு ரத்தம்கூட ஏற்றவில்லை.

ஐந்து வருடம் சீட்டை நீட்டி வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று ஒருதரம்கூடக் கேட்டதில்லை. இப்போதெல்லாம் மாத்திரையைக் கொடுக்கும்போது, "ரொம்ப முடியலையா?" என்று கேட்கிறேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறாள்.