பெரிய முள் நின்ற வாட்ச்

புதுத் தோல்வாரின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அக்காவின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்குத் தட்டில் வைத்துக் கொடுக்க அப்பா வாங்கி வந்த வாட்ச் அது. ஒன்பதாம் வகுப்பில் முதலாவதாக வந்தால் வாட்ச் என்று எனக்குச் சொல்லியிருந்த அதே அப்பா, நான் அப்படியே வந்த பிறகு, "பொம்பளப் புள்ளைக்கு இப்ப எதுக்குமா?" என்று முடித்துவிட்டார். யாரோ ஒருவருக்கு மட்டும் மூன்று சின்ன வட்டங்களும் இரண்டு பட்டன்களும் வைத்த வாட்ச். எனக்கு வயிறு எரிந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், பிள்ளையார்பாளையத்து வீட்டில் அப்பா தறியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அதை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். விநாடி முள்போல நடுவில் ஒரு நீளமான பெரிய முள் ஓடிக்கொண்டிருந்தது. மேல் பட்டனை அழுத்தினேன், நின்றது. கீழ்ப் பட்டனை அழுத்தினேன், பன்னிரண்டுக்குத் தாவிப்போய் உட்கார்ந்தது. கெடுத்துவிட்டோமோ என்று பயந்து உற்றுப் பார்த்தபோதுதான், ஆறு இருக்க வேண்டிய இடத்துச் சின்ன வட்டத்துக்குள் மயிரிழைபோல் ஒரு முள் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. நிஜ விநாடி அங்கேதான் ஓடுகிறது. அந்தப் பெரிய முள், நாம் அளக்கச் சொன்னால் மட்டும் ஓடும். ஊடை நூலோடு தறியின் குறுக்கே ஓடும் "நாடா"வை அப்பா இருபது முறை தள்ளும் நேரத்தை அதில் அளந்துவிட்டு, முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி டப்பாவில் வைத்தேன்.

மறுநாள், தட்டில் அப்பாவே நெய்த அரக்குப் பட்டுக்குப் பக்கத்திலிருந்து அதை எடுத்துப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறியது. "என்னாபா இது, முள்ளு நிக்குது? ஓடாத வாட்ச்சயா தட்டுல வெப்பாங்க?"

"கடையில ஓடிக்கினுதாம்மா இருந்துச்சு" என்று அப்பா அதை வாங்கி உதறினார், காதில் வைத்துப் பார்த்தார். சகுனம் சரியில்லை என்று அந்த அம்மாள் எழுந்தேவிட்டார். கதவருகில் நின்ற அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. கல்யாணம் நின்றால் வாட்ச் நம் வீட்டோடு இருந்துவிடும் என்று நினைத்தேன்; இப்போது சொல்லவும் கூசுகிறது.

மாப்பிள்ளைதான் வாட்ச்சை வாங்கி, "இதோ, கீழ ஓடுது பாரும்மா" என்று சின்ன வட்டத்தைக் காட்டினார்.

"பெரிய முள்ளு நிக்குதேடா" என்றார் அவர் அம்மா.

மாப்பிள்ளை பட்டனை அழுத்த, அது கிளம்பியது. அந்த அம்மாளும் உட்கார்ந்தார். "இனிமே இத நிக்க வுடாத" என்றார். அவர் இருந்தவரைக்கும் அந்த முள் நிற்கவே இல்லை, பேட்டரிதான் அடிக்கடி தீர்ந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவோடு மாமா அதைக் கட்டிக்கொண்டு வருவார்; நான் அவர் கையைப் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

போன மாதம் அதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "போன்லயே மணி பாக்குறோம், நீயே வெச்சிக்கமா. உன்னாலதான் எங்க கல்யாணமே நடந்துச்சு."

"என்னாலயா?" என்றேன்.

"அன்னிக்கு எல்லாரும் பெரிய முள்ளயே பாத்துக்கினு இருந்தாங்க. நீ மட்டும் அந்தச் சின்ன வட்டத்தையே மொறச்சிக்கினு இருந்த. அப்புறம்தான் நானும் அங்க பாத்தேன்."

அப்பா இல்லை, அந்த அம்மாளும் இல்லை. நின்ற முள்ளைக் கண்டு பதறுகிறவர்கள் இப்போது எங்கள் தெருவில் யாருமில்லை. பெரிய முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி, கையில் கட்டிப் பார்த்தேன். அவர் கையில்தான் நன்றாக இருந்தது.