குரல் இறங்கிய வயலின்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவியின் குரல் இறங்கிவிட்டது. பேச்சில் பெரிய வித்தியாசம் இல்லை, பாட்டில்தான். எட்டு மாதமாக அவள் சர்ச் பாடகர் குழுவான கொயரில் பாட வரவில்லை. நான் அங்கே வயலின் வாசிக்கிறவன். அவள் நிற்கிற இடம் காலியாகக் கிடக்க, நான் மட்டும் மேலே கீச்சிட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எரிச்சலாக இருந்தது.

சும்மா இருக்க என்னால் ஆகாது. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எது கெட்டாலும் கையில் எடுத்த பிறகுதான் யோசிப்பேன். குரலைத் தொட வழியில்லை, வயலினைத் தொடலாம் அல்லவா? மேல் தந்தியை எடுத்துவிட்டு, அடியில் தடித்த தந்தி ஒன்றைச் சேர்த்தால் அது கீழ்க்குரலில் பேசும் வயோலாவாகிவிடும். அவள் குரலுக்குத் துணையாக நிற்கும். அதற்கென்றே விற்கும் தந்திகளை வரவழைத்தேன்.

ஒரு தந்தியைக் கழற்றினால் உடனே அடுத்ததை மாட்டிவிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் பட்டறைக் கை கேட்கவில்லை. பம்பு வந்தாலும் மோட்டார் வந்தாலும் முதலில் முழுசாகப் பிரித்து, துடைத்து, தட்டில் வரிசையாக வைத்துத்தானே பழக்கம். நான்கு தந்தியையும், அவற்றைத் தாங்கும் குதிரையையும் கழற்றித் தட்டில் வைத்தேன். துடைக்கத் திருப்பியபோது உள்ளே கடக்கென்று ஒரு சத்தம். பசையில்லாமல், தந்திகளின் இறுக்கத்திலேயே மேல்பலகைக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் சிறு மரக்குச்சி விழுந்துவிட்டது. அது இல்லாவிட்டால் வயலின் வெறும் பெட்டி.

மூன்று நாள் போராடினேன். வெல்டிங் ராடை வளைத்து, மேல்பலகையின் துளை வழியே விட்டுக் குச்சியை நிமிர்த்துவேன். நிற்கும், சாயும். வேலை கொண்டுவந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

"ஏனுங்க, கடையில குடுத்துப்போடுங்களேன்" என்றாள் மனைவி.

"நானே நிறுத்திப்போடறேன் அம்மணி."

இதுவும் போனால் அவளைப் பாட வைக்க என்னிடம் வேறெதுவும் இல்லை என்று பயமாக இருந்தது.

நான்காம் நாள் குச்சி நின்றது. குதிரையில் தடித்த தந்திக்கு அரத்தால் பள்ளம் போட்டு, எல்லாவற்றையும் கட்டினேன். அடித்தந்தி கரகரத்தது, ஆனாலும் பேசியது. சமையலறைக்கே போய், அவள் எப்போதும் பாடும் கீர்த்தனையை நன்றாகக் கீழே இறக்கி வாசித்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். முழுப் பாட்டும் முடிந்தது, வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"எம்பட கொரல் எங்க நிக்குதுன்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மயிரிழை வித்தியாசத்துக்கும் வெர்னியர் எடுத்து அளக்கிறவன் நான். பாடு பார்க்கலாம் என்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கிறேன்.

"அவ்வளவு கீழ போகலீங்க" என்று கையைத் துடைத்தாள். "இங்க."

ஒரு சுரத்தைப் பிடித்துக் காட்டினாள். கொஞ்சம் நடுங்கியது. தேடினேன். அது நான் சேர்த்த அடித்தந்தியில் இல்லை, பழைய வயலினிலேயே இருந்த தந்தியில்தான் இருந்தது.

அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் அடுத்த சுரத்துக்கு வரும்வரை அதையே இழுத்துக்கொண்டிருந்தேன்.