எங்கள் ஹோலில் தொங்கும் மீசைக்காரர்

லண்டன் குட்மேய்ஸில் இருக்கிற எங்கள் வீட்டு ஹோலில், சாமிப்படங்களுக்கு எதிர்ச்சுவரில், பெரிய மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்குகிறது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தபடி, படம் எடுக்கிறவனோடு கோபித்துக்கொண்டவர் போல இருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். "இது ஆர், உன்ர பழைய முதலாளியோ?" என்று உங்கள் மாமா ஒவ்வொரு முறையும் அதே பகிடியை விடுவார். நான் "சொந்தக்காரர்" என்பேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒருநாளும் தெம்பு இருந்ததில்லை. வேலையால் வந்தால் சாப்பாடு, பிறகு நித்திரை. இப்போது முழங்கால் நோ என்னை வீட்டில் இருத்திவிட்டது. போன கிழமை நடந்ததைப் பார்த்துச் சின்னவனும் என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டான். அதனால் பிள்ளைகளே, மூத்தவளும் சின்னவனுமான உங்கள் இருவருக்குமாக எழுதுகிறேன்.

படம் பக்கத்து வீட்டில் இருந்த வயதான வெள்ளைக்கார மிஸிஸுடையது. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு பழக்கம்தான். இந்த நாட்டில் பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பீடு எடுப்பார்கள். வீட்டுத் தலைவர் யார், மற்றவர்கள் அவருக்கு என்ன முறை என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். நூறு வருடம் கழிந்ததும் யாரும் பார்க்கலாம். மிஸிஸ் அந்தப் பழைய பக்கங்களின் பிரதிகளை மேசை நிறையப் பரப்பி வைத்துக்கொண்டு தன் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கண் மங்கி வந்தது. ஒருநாள் அவருடைய கதவுப் பூட்டைத் திருத்தப் போன என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, ஒரு வரியை வாசிக்கச் சொன்னார். பெற்றோல் ஸ்டேஷனில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற எனக்கு அந்தச் சமையலறைக் கதிரை பெரிய சுகம். அதற்காகவே அடிக்கடி போனேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். எழுத்து எழுத்தாகச் சொல்லுவேன், அவர் கூட்டி எடுப்பார்.

படத்தில் இருப்பவர் அவருடைய பாட்டியின் தகப்பன், துறைமுகத்தில் இரும்புக் கொல்லுவேலை செய்தவர். மிஸிஸுக்கு அவரில் பெரிய பெருமை. "என் மூக்கைப் பாருங்கள், அப்படியே அவருடைய மூக்கு" என்று படத்துக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக் காட்டுவார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஒருநாள் அந்த மனிதரின் வீட்டுப் பக்கம் கிடைத்தது. தலைவர் அவர், அடுத்தது மனைவி, அதற்குக் கீழே பாட்டியின் பெயர், வயது ஆறு. முறை என்ற இடத்தில் 'மகள்' என்று இல்லை. 'டோட்டர் இன் லோ' என்று இருந்தது. மிஸிஸ் என்னை மூன்று தரம் வாசிக்க வைத்தார். "ஆறு வயதில் மருமகளா? எழுதினவன் குடித்திருப்பான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபாரஸ்ட் கேட் பக்கம் எனக்கு நாலு வயதில் ஒரு மருமகள் இருக்கிறாள், தங்கச்சியின் மகள், எங்கள் பாசையில் அவளுக்கும் அந்தச் சொல்தான் என்று என் உடைந்த இங்கிலீஷில் விளங்கப்படுத்தினேன். மிஸிஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியென்றால் எங்கள் சொல்லுக்கும் அந்தக் காலத்தில் வேறு அர்த்தம் இருந்திருக்குமோ?" என்றார்.

லைப்ரரியில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். இருந்திருக்கிறது. மனைவியின் முதல் கலியாணத்துப் பிள்ளையையும் அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்களாம். கெற்றிலில் தண்ணீர் பிடித்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இதைச் சொன்னார். பிறகு கேட்டார்: "அப்போ இந்த மூக்கு யாருடையது?"

கொஞ்சக் காலம் தேடாமலே இருந்தார். பிறகு தேடினார். பாட்டியைப் பெற்ற முதல் தகப்பனின் பெயர் ஒன்றுதான் அகப்பட்டது. படமில்லை, தொழில் என்னவென்றும் தெரியவில்லை. "அந்தச் சொல்லை எழுதாமல் விட்டிருந்தால், இப்படி ஒருவன் இருந்ததே யாருக்கும் தெரிந்திராது" என்றார்.

அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்கும் மதிப்பீட்டுப் படிவம் வந்தது.

மூத்தவளே, இனி வருவது உனக்கு. உன்னைப் பெற்ற அப்பா ஊரில் நடந்த சண்டையில் செத்துப்போனவர். அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தபோது உனக்கு ஐந்து வயது. ஒருவரும் சொல்லித் தராமல், நீயாகத்தான் என்னை அப்பா என்றாய். படிவத்தில் மகன் அல்லது மகள் என்று ஒரு பெட்டி, கீழே, மனைவியின் முந்திய கலியாணத்துப் பிள்ளைக்கென்று 'ஸ்டெப் சைல்ட்' என்று இன்னொரு பெட்டி. மேல் பெட்டியில் போடத்தான் எனக்கு ஆசை. கடைசியில் அம்மாவைக் கேட்டேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா.

"அந்தாள் ஒருக்காச் செத்தது காணாதே? இதிலயும் சாகோணுமே?" என்றா. வெட்டின வெங்காயத்தை ஒருபக்கம் தள்ளிவிட்டு, "உங்களுக்கு ஏலாட்டி விடுங்கோ" என்றா.

கீழ்ப் பெட்டியில் போட்டேன். என் கவுன்சில் கடிதங்களை எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுகிற நீ, பின்னால் நின்று பார்த்துவிட்டாய்.

"அப்பா, பிழையான பெட்டியில போட்டிட்டீங்கள்."

"இல்லையம்மா. சரிதான்."

அதன்பிறகு கடிதம் வாசிக்கக் கூப்பிட்டால் மெல்லமாகத்தான் வந்தாய். எனக்கும் ஷிப்ட் மாறிவிட்டது, மிஸிஸ் வீட்டுக்குப் போக நேரமில்லை. என் இடத்தில் நீ போய் அவருக்கு வாசித்தாய். பிஸ்கற்றுக்காகப் போகிறாய் என்று நினைத்தேன்.

மிஸிஸ் முதியோர் இல்லத்துக்குப் போகிற அன்று இந்தப் படத்தை என் கையில் தந்தார். "இவரைக் கொண்டுபோங்கள். தான் பெறாத பிள்ளையோடு இருந்து பழகியவர்" என்றார். வாசலில் நின்று மூக்கைத் தடவிக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "மூக்கு யாருடையதாகவும் இருக்கட்டும். என் பாட்டிக்கு மூக்குச் சிந்திவிட்டது இவர்தானே." பிறகு நான் ஒருதரம்தான் அவரைப் போய்ப் பார்த்தேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கும் நல்ல களைப்பு.

போன கிழமை உன் கலியாண விஷயமாக மாப்பிள்ளை வீட்டார் பிளேஸ்டோவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் "மருமகள், இஞ்ச வந்து இரனம்மா" என்று உன்னைக் கூப்பிட்டபோது எனக்கு மிஸிஸின் நினைவு வந்தது. அந்த அம்மா சுவரைப் பார்த்தா. எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டா.

"இது ஆர்?"

"சொந்தக்காரர்" என்று நான் வாயெடுப்பதற்குள், தேத்தண்ணித் தட்டோடு வந்த நீ முந்திக்கொண்டாய்.

"அவர் எங்களுக்குச் சொந்தம், மாமி."

"வெள்ளைக்காரனோ? என்ன முறை பிள்ளை?"

நீ தட்டை வைத்தாய். முதலில் படத்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"அப்பா முறை."

மாமி விளங்காமல் சிரித்தா. உன் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. மிஸிஸ் இந்தக் கதையை உனக்கு எப்போது சொன்னாரோ எனக்குத் தெரியாது. நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். மீசைக்காரர் வழக்கம்போலக் கோபமாகத்தான் இருந்தார், கதிரையின் கையை விடாமல் பிடித்தபடி.