எட்டு முழ வாய்

நான் கதையை வாசித்தபோது முற்றத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, அக்கா, அக்காவின் கணவரான அத்தான். தங்கச்சி இல்லை. அவள் வேலை செய்யும் மட்டக்களப்புப் புடவைக்கடை, தீபாவளிச் சனத்துக்காக ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. அப்பாவும் இல்லை. வலை இழுக்கத் தோணியில் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது பத்துப் பக்கக் கதையில் எட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. கடைசி இரண்டு பக்கத்தை மட்டுமே கேட்டார். பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் அந்த இரண்டு பக்கத்தால் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழக வளாகம் வரை போனவன் நான்தான். அங்கே ஒரு கூட்டத்தில் வாசிப்பதற்காக அந்தக் கதையை எழுதியிருந்தேன். பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் கதை. பூமி பட்டுப்போய்க் கிடக்கிறது. ஒரேயொரு கடல் மட்டும் உயிரோடு மிச்சம். அதுவும் கெட்டுவிடக்கூடாது என்று முன்னிருந்தவர்கள் சுற்றிவர அணை கட்டிவிட்டார்கள். வானத்தில் கட்டிய ஊர்களிலிருந்து மனிதர்கள் இறங்கி வந்து, இயந்திரங்களால் முந்நூறு ஆண்டுகள் மரம் நடுகிறார்கள். ஒன்றும் பிழைப்பதில்லை.

"அந்த மெசினெல்லாம் டீசல்லயா ஓடுது?" என்று இடையில் கேட்டார் ஆட்டோ ஓட்டும் அத்தான்.

"வெயில்ல ஓடும், அத்தான்."

"அப்ப மாரியில?"

"வாயப் பொத்திற்று இரிங்களன்," என்றாள் அக்கா. "பூமியே சாகக் கிடக்கு, இவருக்கு டீசல் கவலை."

அம்மாவுக்கு வேறு சந்தேகம். "இவ்வளவு காலத்துக்குப் பிறகும் தமிழ் கதைக்கிறாங்களா மனே?"

"என்ட கதையில கதைக்கிறாங்கம்மா."

"அப்ப சரி, வாசி."

இந்த நேரத்தில்தான் அப்பா வந்தார். வலையை இறக்கிவைத்துவிட்டு ஈரச் சாரத்தோடு நின்றபடியே கேட்டார். நான் வாசித்துக்கொண்டிருந்தது இது: 'முழு அணையையும் அவர்கள் உடைக்கவில்லை. தண்ணீர் முட்டி நின்ற ஓரிடத்தில் ஒரேயொரு வாய் வெட்டினார்கள். பிறகு ஒன்றும் செய்யாமல் ஒதுங்கி நின்றார்கள். மீதியைத் தண்ணீர் செய்தது.'

முடிந்ததும் அப்பா கேட்டார்: "வாய் எத்தின முழம் வெட்டின?"

கதையில் அளவு எதுவும் இல்லை. அப்பா நான் எழுதியதைப் பற்றிக் கேட்கிறாரே என்ற சந்தோசத்தில் யோசிக்காமல் சொன்னேன்: "எட்டு முழம்."

"மாரிக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

தலையை ஆட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

குருக்கள்மடத்தில், உப்புத் தண்ணீர் வாவிக் கரையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் காணி. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு முதலாளி அதைக் குத்தகைக்கு எடுத்தார். கரைச் சேற்றில் நின்ற கண்டல் மரங்களை வேரோடு பிடுங்கி, சுற்றிவர மண் அணை போட்டு, உள்ளே இறால் வளர்த்தார். இரண்டு முறை நல்ல விளைச்சல். மூன்றாம் முறை நோய் வந்து இறால் முழுவதும் செத்தது. அவர் மோட்டர்களைக் கழற்றிக்கொண்டு போனார். அணை மட்டும் நின்றது. அதற்குள் ஒரு புல்லும் முளைக்கவில்லை. மண்ணின்மேல் துரு நிறத்தில் ஒரு படை. கால் வைத்தால் அப்பளம்போல நொறுங்கும். மழைத் தண்ணீர் தேங்கினால் தேத்தண்ணி நிறம். அதில் நுளம்புகூடப் பெருகாது.

அந்தக் காணியைத்தான் ஒருவர் பதினெட்டு லட்சத்துக்கு விலை கேட்டிருந்தார். கிரவல் மண் கொட்டி நிரப்பிக் கல்யாண மண்டபம் கட்டுவது அவர் எண்ணம். எங்களுக்கு அந்தப் பதினெட்டு லட்சம் என்றால் தங்கச்சியின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. தீபாவளி கழிந்து கல்யாண எழுத்து வைப்பதென்று சொல்லியிருந்தார்கள்.

வளாகத்தில் கதையை வாசித்தேன். வானத்து ஊர்களுக்குக் கைதட்டினார்கள். முடிவுக்கு யாரும் தட்டவில்லை. மூத்த மாணவர் ஒருவர் எழும்பி, "ஒரு ஓட்டை போட்டா எல்லாம் தானா வந்திருமாக்கும்? முடிவு யோசிக்கப் பஞ்சிப்பட்டிருக்கிறீர்," என்றார். சோம்பலில்தான் அப்படி முடித்தேன் என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது. கடைசி இரண்டு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு வெட்டிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, வளாகத்துக்குப் பக்கத்துச் செங்கலடியில் பஸ் ஏறி, மட்டக்களப்பில் மாறி ஊருக்கு வந்தேன். சந்தியில் அத்தான் ஆட்டோவோடு நின்றார். வழக்கமான நக்கல் இல்லை.

"ஏறு மச்சான். நேரா காணிக்குப் போவம். மாமா உன்னட்ட ஒண்டு கேக்கவாம்."

அப்பா அணையில் நின்றார். மேற்கே, வாவிப் பக்கம், அணையில் ஒரு வாய். அளந்து பார்க்கத் தேவையில்லை, எட்டு முழம். இரண்டு ஓரத்தையும் மண்வெட்டியால் தட்டிச் சீராக்கியிருந்தார். அதற்குள்ளால் வாவித் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இவன் சொல்றான், நீ வாசிச்சது கதையாம்," என்று அத்தானைக் காட்டினார் அப்பா. "கதையெண்டா ஏன் முழக்கணக்கு வைக்கிறான் எண்டு நான் கேட்டன். செத்த மண்ணுக்கு உயிர் வரும் எண்டுதான் வெட்டின. நீ சொல்லு மனே."

"வெட்டக்குள்ளயும் சொன்னன் மச்சான்," என்றார் அத்தான். "அதில ஆக்கள் வானத்தில இருந்து இறங்கிறாங்க மாமா எண்டும் சொன்னன். படிப்பிக்கிற ஆக்கள் எங்கயிருந்து இறங்கினா எனக்கென்ன எண்டுட்டார்."

பொய் சொல்லியிருக்கலாம். பாடம்தான் அப்பா, புத்தகத்தில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் என் கையில் கோடு போட்டு வெட்டிய பக்கங்கள் இருந்தன.

"கதைதான் அப்பா. நானா யோசிச்சு எழுதின."

"எட்டு முழம்?"

"அதுவும். நீங்க கேட்டபடியாலதான் சொன்னன்."

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அணையில் குந்தினார். அதட்டவில்லை. "தங்கச்சிக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டார்.

நான்தான் சொன்னேன். அவள் என்னோடு ஐந்து மாதம் பேசவில்லை.

வாயை மண்மூட்டை போட்டு அடைத்துவிடலாம் என்று அத்தான் நினைத்தார். மூட்டைகள் வந்து இறங்குவதற்குள் மாரி பிடித்துக்கொண்டது. காணி கேட்டவர் குடையோடு வந்து பார்த்தார். அணை ஓரம்வரை தண்ணீர். எங்கள் ஆட்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள்; அவரும் அப்படித்தான் சொன்னார்: "இது இப்ப காணியில்ல அண்ணன், ஆறு. ஆத்த நான் விலைக்கு வாங்கேலா." பிறகு அவர் வரவில்லை.

உள்ளே போன தண்ணீர் அந்தத் துருப் படையைக் கரைத்துச் சிவப்பாகத் திரும்பி வந்தது. வாய்க்கு முன்னால் சின்ன மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. பக்கத்தில் வலை போடுகிறவர்கள் வந்து, "என்னத்தக் கலக்கி விட்டிருக்கிறீங்க?" என்று சத்தம் போட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மூன்று நாட்கள் இப்படி; அவற்றை நான் இன்னும் மறக்கவில்லை.

மழை விட்டபோது சிவப்பும் போயிருந்தது. மாசியில் நான் வந்தபோது, அப்பா என்னைக் கூப்பிட்டு வாய்க்குள் இறங்கச் சொன்னார். தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவை கண்கள். உடம்பு கண்ணாடி. இறால் குஞ்சு. முன்பு அந்த முதலாளி பையில் அடைத்து லொறியில் கொண்டுவந்து விட்ட அதே உயிர், இப்போது யாரும் கூப்பிடாமல் கடலிலிருந்து இவ்வளவு தூரம் நீந்தி, எட்டு முழ வாயைக் கண்டுபிடித்து வந்திருக்கிறது.

"உன்ட கதையில இது வருதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. இது எனக்குத் தெரியா."

அந்த ஆவணியில் அதே மாப்பிள்ளையோடு தங்கச்சிக்குக் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் தாங்கள் இருந்த வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அணையில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக் குடிபோனார்கள். அந்த வீட்டில் ஒரு அறைக்குக் கூரை ஒழுகும். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய் எல்லாம் சொன்னார். தங்கச்சி அதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

அணையை வெட்டிய பிறகு வந்த இரண்டாம் தை மாதத்தில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்து தண்ணீர் வேகமாக இறங்கிவிட்டது. அம்மாவுக்குப் புட்டுக் கொண்டுவந்த தங்கச்சியும் நானும் காலையில் அணையில் நின்றோம். உள்ளே சேறு தெரிந்தது. அதில் பச்சையாக, இரண்டு இலையும் நான்கு இலையுமாகக் கண்டல் கன்றுகள் நின்றன. முருங்கைக்காய்த் துண்டுபோன்ற விதைகள் மிதந்து வந்து, குத்திய இடத்திலேயே எழும்பியிருக்கின்றன. அப்பா எண்ணத் தொடங்கி நானூறோடு விட்டுவிட்டாராம். நாங்கள் ஒன்றையும் நடவில்லை.

பிறகு வெயில் சேற்றில் விழுந்தது. சேறு அசைந்தது. ஒரு கை மட்டும் பெரிதாயிருக்கும் சின்ன நண்டுகள், முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு பார்க்கும் இடமெல்லாம், துளையை விட்டு ஏறிவந்து அந்தக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கின. ஒன்றும் பெருகாத அந்த மண்ணில் இவ்வளவு பேர் எங்கிருந்தார்கள்? சேற்றில் தத்தும் மீன்கள் அவற்றுக்கு நடுவில் துள்ளின. கொக்குகள் வந்து இறங்கின. எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவதென்று தெரியவில்லை. அப்பா கொட்டில் வாசலில் பல்லுத் தீட்டியபடி நின்றார். அவருக்கு அது அன்றாடம்.

தங்கச்சி கொக்குகளை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கதையில எவ்வளவு காலத்துக்குப் பிறகு நடக்குது எண்டு எழுதின, அண்ணா?"

"பன்னிரண்டாயிரம் வருசம்."

"இது பதினாலு மாசம்." புட்டுப் பெட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று அவள் முகத்தில் பிரித்தறிய முடியவில்லை. புடவைக்கடையில் காசு வாங்குகிறவள் அல்லவா, வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கண்ணால் அளந்தாள். "எட்டு முழம், பதினெட்டு லட்சம்," என்றாள். "முழம் ரெண்டேகால் லட்சம்."