சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய வீடு

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் டெக்சஸில், சான் அன்டோனியோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஜெர்மானியர்கள் வந்து குடியேறிய சிற்றூரில் இருந்தோம். கணவர் ஆபீசுக்குப் போனபின் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பூக்கடையில் டெலிவரி வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பாட்டனார் விட்டுப்போன ஜெர்மன் மொழியில் பூக்களைத் திட்டிக்கொண்டே காம்பு நறுக்குவார்.

எனக்கு வேடிக்கை பார்க்கும் புத்தி அதிகம். கதவைத் திறந்து வாங்கிக்கொள்கிறவர்கள் முதலில் பூவைப் பார்க்கிறார்களா, அனுப்பியவர் பெயர் எழுதிய அட்டையைப் பார்க்கிறார்களா என்று கவனிப்பேன். பெரும்பாலும் அட்டையைத்தான். கட்டினால் ஒரு முழம்கூடத் தேறாத பூவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றிருக்கும்.

ஒருநாள், மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வெள்ளை லில்லி கொண்டுபோனேன். ஹால் நிறைய ஆட்கள். பூவை மேசையில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்து வண்டியை எடுத்துவிட்டேன். இழவு வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? நான் யோசித்துச் செய்ததே இல்லை அது.

மறுநாள் கடைக்காரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பூவைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று அங்கிருந்த யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தப் பெரியவர்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேளு. அவர் சரின்னாத்தான் உனக்கு இங்க வேலை," என்றார்.

"ஒரு குட்பை சொல்லிட்டு வந்தா என்ன குறைஞ்சுபோயிடும் உனக்கு?" என்றார் கணவர், ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பெரியவர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. அதுவரை கடைக்காரம்மா என்னை வண்டிச் சாவியைத் தொட விடவில்லை.

அவரே கதவைத் திறந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"எங்க ஊர்ல கிளம்பறப்ப போயிட்டு வரேன்னு சொல்வோம். சாவு வீட்ல மட்டும் சொல்ல மாட்டோம். மறுபடி இப்படி ஒரு துக்கத்துக்கு வர்ற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

அவர் உடனே கடைக்குப் போன் செய்தார். இந்தப் பெண்மீது தப்பில்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் இப்போது சொல்லிக்கொண்டு கிளம்புவதா, சொல்லாமலா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

"அன்னிக்கு இருந்தவங்க அத்தனை பேரும் திரும்ப வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க," என்றார் அவர். "வந்தது நீ ஒருத்திதான். நீ சொல்லிட்டே போம்மா."