பழைய துண்டு கொண்டாந்தியா?

கம்ப்ரஸர் டேங்க் வெடித்துவிட்டது, நான் செத்துப்போய்விட்டேன் என்றுதான் முதலில் நம்பினேன். நூம்பலில் எங்கள் பெயின்ட் ஷெட்டில், மேஜைக்கு அடியில், ஒரு பீரோ கதவைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தேன். செத்தவனுக்கு முட்டி வலிக்காது என்ற ஞானம் வருவதற்குள் குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துவிட்டேன். என் தலையில் இன்று இருக்கும் முடிக்கு அது பெரிய தியாகமில்லை என்பது அந்தத் தெய்வத்துக்கும் தெரியும்.

டீ வாங்கப் போயிருந்த தாஸ் வாசலில் வந்து நின்றான். என் மனைவியின் தம்பி, தொழிலில் கூட்டாளி.

"அங்க இன்னா மாமா தேடிகினு கீற?"

"உசுர."

அவன் போய் மெஷினை நிறுத்தினான். அப்புறம்தான் அவனுடைய ஸ்டூலைப் பார்த்தோம். நாள் முழுக்கக் கம்ப்ரஸரை ஒட்டிப் போட்டு அவன் உட்காரும் ஸ்டூல். அதன்மேல், முந்தின நாள் நான் மாட்டிய நீல ட்யூப் கிடந்தது. நுனி பஜ்ஜி மாவு மாதிரி இளகியிருந்தது. தொட்டுப் பார்த்த தாஸ் விரலை உதறினான். அதற்குப் பிறகு அவன் கிண்டல் செய்யவில்லை.

ட்யூபுக்கென்று ஒரு வாசனை உண்டு. நிச்சயமாக இந்தக் கருகிய பிளாஸ்டிக் நாற்றமல்ல. அந்தக் காலத்தில் பூந்தமல்லியில் ஜாபரின் ட்யூப் கடைக்குள் காலை வைத்தால் ரப்பரும், அது ஒட்டாமலிருக்கத் தூவிய வெள்ளைப் பவுடரும், ஜாபரின் அத்தரும் சேர்ந்து மூக்கில் ஏறும். ஜாபருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. திமிரில் மட்டும் அவன் மூத்தவன். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்ப்ரஸருக்கு ட்யூப் வாங்கிவர என்னை அங்கே அனுப்பினார்கள்.

"பழைய துண்டு கொண்டாந்தியா?" என்றான் ஜாபர்.

"இல்ல. ட்யூப்தானே, குடு."

"துண்டு இல்லன்னா பொருள் இல்ல. எங்க மாட்டப்போற? தலையாண்டயா, டேங்க்குக்கு அப்பாலயா?"

தலை என்றால் காற்றை அழுத்துகிற பம்ப்பின் மேல்பாகம், டேங்க் அந்தக் காற்று போய்ச் சேரும் இடம். எனக்கு அப்போது என் தலையைப் பற்றியே தெளிவில்லை. "எங்கயோ மாட்டிக்கிறேன், உனக்கு இன்னா?" என்றேன்.

"அப்ப எங்கயோ போய் வாங்கிக்கோ மாமே."

என்ன அகங்காரம் பாருங்கள். விற்பதற்குக் கடை வைத்துக்கொண்டு விற்க மாட்டானாம். வழியெல்லாம் திட்டிக்கொண்டே அம்பத்தூர் திரும்பி, எண்ணெய் சொட்டும் பழைய ட்யூப் துண்டோடு மறுபடி பஸ் ஏறினேன். "நைனா, அத்த வெளிய புடி" என்றார் கண்டக்டர். ஜன்னலுக்கு வெளியே ஒரு செத்த பாம்பைப் பிடித்துக்கொண்டே பூந்தமல்லி வந்து சேர்ந்தேன். ஜாபர் அதை மடக்கினான், மோந்தான், நகத்தால் சுரண்டினான். பிறகுதான் புதியதை வெட்டினான். பழையதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். அந்தச் சுவர் முழுக்க, அம்பத்தூர், ஆவடி பட்டறைகளின் பழைய துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

அதன்பின் காலமெல்லாம் இதே சண்டைதான். தலைக்குச் செம்புக் குழாய், டேங்க்குக்கு அப்பால் ரப்பர் என்று அவனே பார்த்துக் கொடுப்பான். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. துண்டைக் காட்டுவது என் வேலை, யோசிப்பது அவன் வேலை என்று சொகுசாக இருந்துவிட்டேன்.

இப்போது அந்தக் கடையில் செல்போன் உறை விற்கிறார்கள். ஜாபர் மகள் வீட்டோடு ஆம்பூர் போய்விட்டான். அதனால், எங்கள் கம்ப்ரஸரின் தலையிலிருந்து டேங்க்குக்குப் போகும் செம்புக் குழாய் விரிசல் விட்டதும், குமணன்சாவடியில் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போனேன். பழக்க தோஷம், விரிசல் விட்ட குழாயைப் பையில் எடுத்துப் போயிருந்தேன்.

"இத்த இன்னாத்துக்கு சார் தூக்கிகினு வந்தீங்கோ?" என்று சீருடைப் பையன் அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். நீலச் சுருள் ஒன்றை மேஜைமேல் வைத்தான். "எல்லாத்துக்கும் இதான் சார் போவுது. கண்ண மூடிகினு மாட்டுங்க."

யாரும் மிரட்டவில்லை, வந்த வழியே அனுப்பவில்லை, வாய்க்கு வாய் சார் வேறு. உச்சி குளிர்ந்து போய், செம்பைக் கொடுத்துவிட்டு பிளாஸ்டிக்கோடு வீடு திரும்பினேன்.

ட்யூப் வெடித்த மறுநாள், அந்தக் கருகிய ட்யூபோடு நானும் தாஸும் அதே கடையில் போய் நின்றோம்.

"இது தலையாண்ட போடக்கூடாது சார், சூடு தாங்காது" என்றான் அதே பையன். "எங்க மாட்டுறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியேப்பா."

"கஸ்டமர கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க சார்."

"என் முதுகு வெந்திருக்கும்டா," என்றான் தாஸ். "அத்த யார்னா கேக்கலாமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான். மீதி முழுக்க அந்தக் கடைமேல். கேள்வி கேட்கக் கூடாதாம். பில் போடும்போது போன் நம்பர் கேட்டார்கள். பிறந்தநாள் கேட்டார்கள். கல்யாண நாள்கூடக் கேட்டார்கள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வீட்டுக்கு வந்தபிறகும் போனில் கேட்டார்கள். எங்கே மாட்டப்போகிறாய் என்ற ஒன்றைக் கேட்க மட்டும் ஊரில் ஆளில்லாமல் போய்விட்டது.

டேங்க் வெடிக்கவில்லை. பம்ப்பின் தலையிலிருந்து வந்த சூட்டில் ட்யூப் இளகி, பிய்த்துக்கொண்டு, தாஸின் ஸ்டூல்மேல் அடித்தது. தாஸ் டீ வாங்கப் போயிருந்தான்.